சலவைக்கூடத்துக் கொலையும் அக்காவின் தீர்ப்பும்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீராவியால் வரும் இருமல் மட்டும் வேண்டாத விருந்தாளி மாதிரி வந்து வந்து போகிறது. உன் கால் எப்படி? மாவுக்கட்டுப் பிரிக்க இன்னும் எத்தனை வாரமாம்? ஒட்டடை அடிக்க ஸ்டூல் மேல் ஏறாதே என்று அத்தான் சொன்னாரா இல்லையா? சரி, விழுந்தவளை மறுபடி எதற்கு விழத் தட்டுவது.

பேப்பரில் பார்த்து நீ பதறுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு கொலை நடந்துவிட்டது. செத்தது சூப்பர்வைசர். விசில் என்று சொன்னால்தான் உனக்குத் தெரியும். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குமே, அவர்தான். இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாது என்று ஊத ஆரம்பித்தவர், போகப் போகத் தனக்கு வாய் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்.

சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு நடந்திருக்கிறது. திங்கள் காலை பிளீச்சிங் டிரம் வைக்கும் அறையைத் திறந்தது மடிப்பக்கா. ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடிக்கும் மேஜைக்கு அவர்தான் தலைவி. அவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு பைப் ஸ்பேனர் கிடந்தது. அது என்னுடையது. சனிக்கிழமை ஒரு வால்வைத் திறந்துவிட்டு மறதியாக அங்கேயே சாய்த்து வைத்திருந்தேன். போலீஸ் அதைப் பையில் போட்டு எடுத்துப் போய்விட்டது. புதிது வரும்வரை மெக்கானிக்குக்குக் கை ஒடிந்த மாதிரிதான். மற்றபடி ஒன்றுமில்லை.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

கால் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அரிப்புத்தான் தாங்கவில்லை. நான் ராத்திரியில் தூங்குவதில்லை என்று அத்தான் தனியாக உனக்கு எழுதினால் நம்பாதே. அரிப்புத்தான் காரணம். நீ இருமலுக்கு டாக்டரைப் பார். வெந்நீர் குடித்தேன், சரியாகிவிட்டது என்று கதை விடாதே.

கொலை விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தாறு வருடம் கோர்ட்டில் தட்டச்சு அடித்தவள் உன் அக்கா. எந்த சாட்சி எந்த இடத்தில் எச்சில் விழுங்குவான் என்று விரல் நுனிக்குத் தெரியும். இங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறேன். இந்த வழக்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

யாருக்காவது விசில் மேல் கோபம் உண்டா? சனிக்கிழமை கடைசியாக வெளியே போனது யார்? திங்கள் காலை வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டதா? ஒன்று விடாமல் எழுது. நீ எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்பதையும், யார் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

ஸ்பேனரைப் பற்றி நீ கவலைப்படாதே. நானும் படவில்லை. துளிகூட இல்லை.

அன்புடன்,
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டரைப் பார்த்தேன். வெந்நீர் குடிக்கச் சொன்னார்!

உன் கடிதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. சிரித்துக்கொண்டே படித்தேன். "எங்களுக்கும் சொல்லுங்க மெக்கானிக்" என்று பிடித்துக்கொண்டார்கள். சத்தமாகப் படித்துக் காட்டினேன். மேஜையே அதிர்ந்தது. "எச்சில் முழுங்குறத கூட டைப் அடிப்பாங்களா?" என்று வேன் டிரைவர் கேட்டார். இனி உன் கடிதம் எல்லோருக்கும் பொதுச் சொத்து. என் அறைக்கு எழுதினால் தபால் தொலைந்துபோகிறது; இங்கேயே எழுது.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். வேன் டிரைவருக்கும் விசிலுக்கும் வெள்ளிக்கிழமை பெரிய வாக்குவாதம். ஆனால் சனிக்கிழமை ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிட்டார். ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் துணி இறக்கிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மடிப்பக்காவுக்கு நாக்குத்தான் ஆயுதம், ஸ்பேனர் எதற்கு? பின்கேட் காவலாளி இருக்கிறார். அறுபது வயது. வாசலில் படுக்கும் நாய் எழுந்திருக்கட்டும் என்று கேட்டைப் பாதியில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். அவரைப் பட்டியலில் சேர்க்கவே கை வரவில்லை.

அப்புறம் டெய்லரம்மா. கிழிந்த போர்வைகளைத் தைப்பவர். ஜன்னலோரம் அவர் மெஷின். வயது முப்பத்தெட்டு இருக்கும். ஊசியில் நூல் கோக்கும்போது இடது கண்ணை மட்டும் லேசாகச் சுருக்குவார். ஒட்டுப் போட்ட இடம் நோயாளியின் முதுகில் உறுத்தக் கூடாது என்று தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். "அவங்க பாட்டுக்குப் படுத்திருப்பாங்க, நம்ம தையல் குத்தலாமா?" என்பார். அவர் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு தடவை லீவு கேட்டார். விசில் இரண்டு தடவையும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அம்மா போன அன்றும் அவர் இங்கேதான் தைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கத்துக்கு மாறாக ஒன்றே ஒன்று, நீ கேட்டதால் எழுதுகிறேன். திங்கள் காலை டெய்லரம்மாவின் ஏப்ரன் துவைத்து ஜன்னலில் தொங்கியது. ஞாயிறு முழுக்க ஜன்னல் சாத்தியிருந்ததால் ஈரம்கூடக் காயவில்லை. அதில் ஒன்றும் இல்லை. 

நான் ஆறரைக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

தம்பி

ஏப்ரல் 1

அன்புத் தம்பிக்கு,

கட்டு அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். அதன் பிறகு நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். உன் சாப்பாட்டு மேஜைக்காரர்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.

வேன் டிரைவர் விடுதலை. ஆஸ்பத்திரிக் கையெழுத்து அவரைக் காப்பாற்றுகிறது. மடிப்பக்கா விடுதலை, கொன்றவள் தானே கதவைத் திறந்து கூச்சல் போடமாட்டாள். காவலாளி வாசலில் இருப்பவர், உள்ளே அவருக்கு என்ன வேலை? மிச்சம் இருப்பது யார் என்று பாருங்கள். தாய் சாகக் கிடந்தபோது லீவு மறுக்கப்பட்டவர். இதைவிட ஆழமான கோபம் நான் அடித்த எந்த வாக்குமூலத்திலும் இல்லை. வாரம் முழுக்கப் போர்வையைத் தைப்பவருக்கு, சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஏப்ரனைத் துவைக்க என்ன அவசியம் வந்தது? ஏப்ரனில் என்ன பட்டிருந்தது? ஆகவே, டெய்லரம்மாதான்.

பாவம்தான். ஆனால் சாட்சியம் பாவம் பார்க்காது.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கால் சுள்ளி மாதிரி இருக்கிறது. கைத்தடி பிடித்துச் சமையலறை வரை நடக்கிறேன். உன் இருமல் எப்படி?

தீர்ப்புக்கு என்ன சொன்னார்கள்? கைதட்டினார்களா, கல்லெறிந்தார்களா? பதில் இல்லையே. புது ஸ்பேனர் வந்துவிட்டது, வேலை தலைக்கு மேல் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு வரி போதும்.

அக்கா

மே 8

டேய் தம்பி,

நான் நடக்கிறேன், சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன். நீ இருக்கிறாயா?

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யார் கொன்றார்கள் என்பதில் எனக்கு முதல் நாளிலிருந்தே அக்கறை இல்லை. ஸ்பேனர் உன்னுடையது. அது யாருடையதோ அவன்தான் முதலில் கூண்டில் ஏறுவான். எத்தனை தடவை அடித்திருக்கிறேன் அந்தப் பக்கங்களை. நீ தனிக்கட்டை. எத்தனை மணிக்கு எங்கே இருந்தாய் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் கிடையாது. அதைக் கேட்டால் ஒற்றை வரியில் மழுப்புகிறாய். விரல் உன் பக்கம் திரும்பக் கூடாது என்றால் வேறு யார் பக்கமாவது திரும்ப வேண்டும். கைக்குக் கிடைத்தது அந்த அம்மா. சிரிப்பும் கிண்டலும் எல்லாம் பயத்துக்கு மேல் போர்த்திய போர்வை.

உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்களா? அதை மட்டும் சொல். அத்தான் ரயிலுக்குச் சீட்டு எடுக்கத் தயாராக இருக்கிறார்.

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை யாரும் பிடிக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானை ரயிலேற்றாதே. உன்னைத் தவிக்கவிட்டதற்கு மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

உன் தீர்ப்பு ஏப்ரல் ஆறாம் தேதி மதியம் வந்தது. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நான் முதலில் தனியாகப் படித்துப் பார்க்காமல் உறையைக் கிழித்து நேராக வாசித்தேன். டிரைவர் விடுதலை என்றதும் அவர் எழுந்து கும்பிடு போட்டார். ஒரே சிரிப்பு. அந்த வேகத்தில் வாசித்துக்கொண்டே போனேன். "ஆகவே, டெய்லரம்மாதான்." வாய் வாசித்த பிறகுதான் மனசுக்கு எட்டியது. நிறுத்தினேன். டிரைவர் தாளை வாங்கி மிச்சத்தை வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை.

டெய்லரம்மா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவை மெதுவாக மூடினார். என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை அக்கா. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை அவர் மெஷினின் பெல்ட் நழுவியது. நான் சரிசெய்யும்போது எண்ணெய்க் குப்பியைத் தட்டிவிட்டேன். அவர் ஏப்ரன் முழுக்க எண்ணெய். அவர் அதைத் துவைத்துக் காயப்போட்டார். ஆறரைக்கு இரண்டு பேரும் பின்கேட் வழியாகச் சேர்ந்து கிளம்பினோம். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நான்காவதில்தான் அவர் ஏறினார். போலீஸ் கேட்டபோது தனியாகப் போனேன் என்று சொல்லியிருந்தேன். அவரும் அப்படியே.

இதை அந்த மேஜையில் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது எதிரே இடம் காலியாக இருந்தது.

ஏப்ரன் கதை அன்றைக்கே போலீஸுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அவரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மதியம் வரை பாய்லர் முன்னால் நின்றேன். அப்புறம்தான் கால் நகர்ந்தது. ஸ்டேஷனுக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே பின்கேட் காவலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது.

"அந்தப் பொண்ண விட்டுடுங்கய்யா. அது ஆறரைக்கே இவரோட போயிடுச்சு. நான்தான் கேட்டத் தொறந்துவிட்டேன்" என்றார். "அதுக்கப்புறம் உள்ளேர்ந்து விசில் சத்தம். டிரம்மப் புரட்டணுமாம். போனேன். எதுக்குய்யா விசிலடிக்கிறீங்க, கூப்பிட்டா வரமாட்டேனான்னு கேட்டேன். என் மூஞ்சிக்கு நேரா இன்னொரு தடவ ஊதினாரு. இருபத்திரண்டு வருஷம்யா. ஒரு தடவகூட வாயத் தொறந்து கூப்பிட்டதில்ல. கையில என்ன இருந்துச்சுன்னு கீழ போட்டப்பறந்தான் பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். நான் சொல்ல வந்தது யாருக்கும் தேவைப்படவில்லை.

டெய்லரம்மா வேலைக்குத் திரும்பி வரவில்லை. நீ வெறுமனே ஊகித்தாய், எல்லாம் தெரிந்தும் தலையைக் குனிந்தவன் நான்.

தம்பி

மே 26

அம்மா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மெக்கானிக்கின் அக்கா எழுதுகிறேன். உங்கள் முகவரி தெரியாததால் மடிப்பக்கா மூலமாக அனுப்புகிறேன். கிழித்துப் போட்டாலும் நியாயம்தான்.

உங்களைப் பார்க்காமல், உங்கள் குரலைக் கேட்காமல், படுக்கையில் கிடந்துகொண்டு உங்கள் மேல் கொலைப்பழி போட்டேன். உங்கள் அம்மாவின் சாவை எடுத்து அதற்குக் காரணமாக ஒட்டவைத்தேன். அதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. தம்பி மேல் பயம் என்பது என் பக்கத்துக் கதை. உங்களுக்கு அதனால் என்ன ஆறுதல்? உன் தப்பான கடிதத்தால்தானே உண்மை வெளியே வந்தது என்று இங்கே ஒருவர் சமாதானம் சொன்னார். இத்தனை வருடக் கல்யாணத்தில் அன்றைக்குத்தான் அவருடன் பேசாமல் இருந்தேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று என் கையால் எழுதி உங்களிடம் ஒரு தாள் இருக்கட்டும். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மெக்கானிக்கின் அக்கா

ஜூன் 14

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கால் தேறிவிட்டதா? எலும்பு கூடினாலும் குளிர்நாளில் வலிக்கும். சூடாக ஒத்தடம் கொடுங்கள். நான் சுகம். இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் தையல் அறையில் வேலை. நல்ல வெளிச்சம்.

உங்கள் தாளை யாரிடமும் காட்டவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், உங்கள் முதல் கடிதம் வாசித்த அன்று மேஜையில் அதிகம் சிரித்தவள் நான்தான். அடுத்தது எப்போது வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த நாள் கூடுதலாக வலித்தது. அம்மாவைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாரம் அழுதேன். அழுதபோதுதான் தெரிந்தது, அம்மா போனதற்கு நான் அதுவரை அழவே இல்லை என்று.

ஒரு விஷயம் உங்கள் தம்பி எழுதியிருக்க மாட்டார். அன்றைக்குச் சேர்ந்து போனதை யாரிடமும் சொல்லாதீர்கள், வாய்க்கு வந்தபடி பேசுவார்கள் என்று அவரிடம் சத்தியம் வாங்கியது நான். அந்த மேஜையில் அவர் அதை உடைத்துவிட மாட்டாரா என்று ஏங்கியதும் நான். கோபம் இருக்கிறது. யார் மேல் என்றுதான் பிரிக்க முடியவில்லை.

காவலாளி ஐயாவைப் பார்க்கப் போகிறேன். எனக்காகத்தானே அன்றைக்கு அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சிறையில் மாதத்தின் முதல் சனிக்கிழமை பார்க்க விடுகிறார்கள், காலை பத்து மணிக்கு. அவருக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை என்பதால் அதற்குள் பொத்தான் வைத்து முடிக்க வேண்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

டெய்லர்

ஜூன் 19

அன்புத் தம்பிக்கு,

கைத்தடியை மூலையில் சாத்திவிட்டேன். நீ சாப்பிடுவதே இல்லை என்று மடிப்பக்கா எழுதியிருக்கிறார். சாப்பிடு.

துப்புத் துலக்கும் வேலையை விட்டுவிட்டேன் என்று அத்தான் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகையால் எதையும் ஊகித்துச் சொல்லவில்லை. தகவல் மட்டும். டெய்லரம்மாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. காவலாளியைப் பார்க்கச் சிறைக்குப் போகிறாராம். முதல் சனிக்கிழமை என்று ஒரே பத்தியில் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். நேரமும் போட்டிருக்கிறார், பத்து மணி. என் கால் வலியை விசாரிக்கும் கடிதத்தில் இது எதற்கு என்று எனக்குத் தெரியாது.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமல்கூடக் குறைந்திருக்கிறது.

முந்தாநாள் சனிக்கிழமை சிறைக்குப் போனேன். ஒன்பதரைக்கே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. டெய்லரம்மா எனக்கு மூன்று பேர் முன்னால், கையில் துணிப்பையோடு நின்றார். திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்களை முன்னே போகவிட்டுக்கொண்டே வந்து எனக்கு முன்னால் நின்றார். அரை மணி நேரம் அவர் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கப் பத்து வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், ஒன்றுகூட வாய் வரைக்கும் வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கைதியின் பெயரைச் சொன்னதும் ஜன்னலில் இருந்த ஊழியர், "ரெண்டு பேரும் யாரு? தனித்தனியா, ஒண்ணாவா? சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

டெய்லரம்மா வாயைத் திறக்குமுன் நான், "ஒண்ணாத்தான்" என்றேன். குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்றால், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாய்லர் பக்கத்தில் நின்றே பேசிப் பழகிவிட்டது.

காவலாளி மெலிந்திருக்கிறார். சட்டையை மார்பில் வைத்துப் பார்த்தார். "என்னாலதானேம்மா உனக்கு இவ்வளவும்" என்று டெய்லரம்மாவிடம் கைகூப்பினார். "அந்த மனுசன் வீட்டுலயும் அழுதிருப்பாங்க. அத நெனச்சாத்தான் சோறு எறங்கல" என்றார். பின்கேட்டை இப்போது யார் திறக்கிறார்கள் என்று கேட்டார். புது ஆள் என்றேன். "நாய் படுத்திருக்கும், பாத்துத் தொறக்கச் சொல்லுங்க" என்றார். வெளியே வந்து நான் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் தாளைக் கேட்கிறார்.

தம்பி

அக்காவுக்கு,

கொஞ்சம் இல்லை, கைக்குட்டை நனைகிற அளவுக்கு அழுதார். மன்னிப்பும் கேட்டார், பஸ் நிறுத்தத்தில், பத்து வாக்கியமும். ஐந்தாவதை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். நானும் கேட்டேன், ஒரே வாக்கியத்தில்.

ஜன்னலில் அவர் "ஒண்ணாத்தான்" என்றபோது நான் மறுக்கவில்லை. மறுத்தால் இன்னொரு சீட்டு வாங்கி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும் என்பதால்தான். இப்போது ஆஸ்பத்திரித் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறோம். இங்கே வரிசை எதுவும் இல்லை. இங்கேயும் நான் மறுக்கவில்லை.

உங்கள் கால் நன்றாகத் தேறியதும் வாருங்கள்.

டெய்லர்